ஓரகத்தியின் லில்லிக் கிழங்குகள்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முறைப்படி ஓரகத்தி. திண்டுக்கல்லில் ஒரே காம்பவுண்டுக்குள் இடுப்பளவு சுவர் ஒன்றை எழுப்பி, இரண்டு வீடாகப் பிரித்துக்கொண்டு பல வருடம் இருந்தோம். அவள் என்னை ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. அவள்மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு அவள் ஒரு காரணமும் தந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டைப் பாகம் பிரித்தபோது மாமியார் பாத்திரத்தைப் பிரித்தார், கட்டிலைப் பிரித்தார், கடைசியில் வாசலில் இருந்த லில்லித் தொட்டிகளையும் பிரித்தார். பன்னிரண்டு தொட்டி, ஆளுக்கு ஆறு. அந்தப் பூவுக்கு எங்கள் வீட்டில் ஈஸ்டர் லில்லி என்று பெயர். இலை விடுவதற்கு முன்பே தடித்த தண்டு ஒன்று விறுவிறுவென்று மேலே ஏறும். உச்சியில் நாலு சிவப்புப் பூ நாலு திசைக்கும் கோயில் குழாய் ரேடியோ மாதிரி விரியும். மண்ணுக்குள் பல்லாரி வெங்காயம் போல ஒரு கிழங்கு. இவ்வளவுதான் செடி.

இதில் மானப் பிரச்சினை எங்கே வந்தது என்றால், எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. தவக்காலம் முழுக்கப் பீடத்தில் ஒற்றைப் பூ வைக்க மாட்டார்கள். சாம்பல் புதனில் இருந்து ஆறரை வாரம் பீடம் மொட்டையாகக் கிடக்கும். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் அன்றுதான் பூ வரும். அன்றைக்குப் பீடத்துப் படியில் யாராவது வீட்டில் வளர்த்த பூச்செடியைத் தொட்டியோடு வைக்க வேண்டும். கடைப் பூவைக் காசு இருக்கிற யாரும் வாங்கிக் கொடுக்கலாம். தொட்டிப்பூ அந்த ஞாயிற்றுக்கென்று பூத்திருக்க வேண்டும். காலைப் பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போது, தொட்டி கொடுத்த குடும்பத்தை ஃபாதர் பெயர் சொல்லி வாழ்த்துவார். அந்த ஒரு வரியில் என் வீட்டுப் பெயர் வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பிரித்த முதல் வருடமே அக்காவின் ஆறு தொட்டியும் ஈஸ்டருக்குப் பூத்தன. என்னுடையதில் இரண்டு பிப்ரவரியில் பூத்து உதிர்ந்தன. இரண்டு பூக்கவே இல்லை. ஒன்று மே மாதத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு செவ்வாய்க்கிழமை பூத்தது. ஆறாவது பெரிய வெள்ளி அன்று மலர்ந்து நின்றது. ஆசை யாரை விட்டது, அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கோயிலைத் திறந்து பூட்டிப் பீடம் ஜோடிக்கிற கோயில்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, ஆண்டவர் செத்த அன்னிக்குப் பூவக் கொண்டாந்து நிக்கிறியே. ஞாயித்துக்கெழம கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை அது கருவாடாகத் தொங்கியது. அக்காவின் தொட்டிகள் படியில் வரிசையாக இருந்தன. பெண்கள் பக்கத்தில் அவள் என் அருகில்தான் உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பில் பெயர் வந்தபோது முந்தானையை லேசாக இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரே மாமியார் பிரித்துக் கொடுத்த கிழங்கு. ஒரே மண். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் ஒரே நகராட்சித் தண்ணீர். போதாததற்கு ஈஸ்டர் ஒரு தேதியில் நிற்கிற திருநாளும் இல்லை. ஒரு வருடம் மார்ச் கடைசியில் வரும், அடுத்த வருடம் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு ஓடிவிடும். நமக்கே காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். அவள் வீட்டுப் பூவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அவளிடம் கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்ட நொடியில் நான் அவளுக்கு ஒரு படி கீழே இறங்கிவிடுவேன் என்று நினைத்தேன். ஏற்கெனவே இரண்டாவது மருமகள். இன்னும் எத்தனை படி இறங்குவது?

அதனால் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். துணி காயப்போடும் சாக்கில், கீரைக்காரியைக் கூப்பிடும் சாக்கில். என் செடிகளை நான் விழுந்து விழுந்து கவனித்தேன். வருடம் முழுவதும் தண்ணீர். குடிக்க இல்லாத நாளிலும் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவேன். கார்த்திகை மழையில் என் தொட்டிகள் புதர் மாதிரிப் பச்சென்று நிற்கும். ஒரு வருடம் டிசம்பரில் எட்டிப் பார்த்தால் அக்காவின் ஆறு தொட்டியும் காலி. வெறும் மண், அதிலும் வெடிப்பு. அவளுடைய செடி எல்லாம் செத்துப்போனது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுத் தட்டில் வழக்கத்தைவிட நாலு முறுக்கு அதிகம் வைத்து அனுப்பினேன்.

சாம்பல் புதன் வந்தது. பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பினோம். நான் சேலை மாற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், அவள் நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் அந்தக் காலித் தொட்டிகளின் முன்னால் குந்தியிருந்தாள். எனக்கு முதுகுப்பக்கம்தான் தெரிந்தது. எழுந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் சாம்பல். அந்த ஈஸ்டருக்கு அந்தச் செத்த தொட்டிகளில் இருந்து ஆறு தண்டு எழும்பி, ஆறும் பூத்தன.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மந்திரித்த சாம்பல்! மண்ணுக்குள் போனதை எழுப்பி விடுகிற சாம்பல். கோயில்பிள்ளைக்குக் கறிக்குழம்பு கொடுத்துவிட்டு மிச்சச் சாம்பலை வாங்கியிருப்பாள், அதுதான் சூட்சுமம் என்று முடிவு கட்டினேன். அடுத்த சாம்பல் புதனுக்கு நானும் அவரிடம் போய் நின்றேன். ஒரு சிட்டிகைகூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன் என்றார். கடைசியில் என் நெற்றியில் இருந்ததையும், என் வீட்டுக்காரர் நெற்றியில் இருந்ததையும், பிள்ளைகள் இருவரின் நெற்றியில் இருந்ததையும் ஒரு காகிதத்தில் சுரண்டி எடுத்து ஆறு தொட்டிக்கும் பங்கு வைத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு வருடம் என்னோடு குடித்தனம் பண்ணியவருக்கு எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியும். அந்த வருடம் என் செடிகளில் இலை மட்டும் நன்றாக வந்தது.

இப்படி ஏழெட்டு ஈஸ்டர் போயிற்று. மாமியாரும் காலமானார். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி, பொங்கல் முடிந்த கையோடு, வத்தலக்குண்டில் அக்காவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள அக்கா கிளம்பினாள். அவள் கணவருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. தண்ணீர் வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

"தங்கச்சி, சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். கொழாயில தண்ணி வந்தா ரெண்டு தண்ணித் தொட்டியும் ரொப்பி விட்டுரு. நான் ஒரு மாசத்துல வந்துருவேன்."

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு நான் வந்திருக்கலாம். நான் சமையலறையைப் பார்த்தேன், படுக்கையறையைப் பார்த்தேன், நாற்காலி போட்டு ஏறிச் சிலாப்பில் துழாவினேன். பழைய புத்தகக் கட்டுக்குப் பின்னால் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் சலித்த ஆற்று மணல், பொரி மாதிரி உலர்ந்த மணல். விரலை விட்டேன். உள்ளே உருண்டையாகத் தட்டுப்பட்டது.

ஆறு கிழங்கு. ஐந்து அப்படியே மணலுக்குள், ஆறாவதை மட்டும் தனியாக ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். காய்ந்த தோல் சரசரக்க, ஒவ்வொன்றும் என் ஒரு கைக்குள் அடங்காத பருமன். தலைப்பகுதியில் இலை இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவியிருந்தது. வெந்நீர் அடுப்புச் சாம்பல்தான், பூச்சி அண்டாமல் இருக்க. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய தொட்டிகள் டிசம்பரில் செத்துப்போகவில்லை. செடிகளை அவள் தூங்கவைத்திருக்கிறாள். மழை பிடிக்கும் முன் எடுத்துக் காயவைத்து, சாம்பல் புதன் அன்று நட்டுத் தண்ணீர் காட்டுகிறாள். அன்று நட்டால் ஆறரை வாரத்தில் பூ. ஈஸ்டர் எந்தத் தேதிக்கு ஓடினாலும் சாம்பல் புதனும் கூடவே ஓடுகிறது. அவளுக்குத் தேதி கணக்குப் போடுகிற வேலைகூட இல்லை.

நாற்காலிமேல் நின்றுகொண்டே எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சாதாரண விஷயமா? நான் வருடம் முழுக்க ஊற்றி ஊற்றித் தூங்கவிடாமல் அடித்த என் கிழங்குகள், எடுத்துப் பார்த்தால், பாதிகூடப் பருமன் இல்லை. சூட்சுமம் தெரிந்த பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பருத்த கிழங்குகள் வேண்டும் என்று தோன்றியது. அவளுடையதே வேண்டும்.

என் செடிகளைப் பிடுங்கினேன். பச்சை இலைகளை அரிவாள்மனையில் நறுக்கி, வேரை அறுத்து, மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டேன். நாலாம் நாள் அவள் பெட்டிக்குள் அவற்றைப் புதைத்து, கழுத்தில் சாம்பலும் தடவி, ஒன்றை அந்த வெள்ளைத் துணியில் அதே மாதிரி முடிந்துவைத்தேன். அவளுடைய ஆறையும் என் தொட்டிகளில் நட்டேன்.

சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா வந்துசேர்ந்தாள், இளைத்துக் கறுத்துப்போய். புதன்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெட்டியை வாசலில் வைத்துத் திறந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி புடைப்பதுபோல நின்றேன். முதல் கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். விரல் உள்ளே போனது. இரண்டாவதும் அப்படித்தான். ஈரம் வற்றாமல் பொத்திவைத்த கிழங்கு, ஒரு மாதத்தில் ஆறும் கூழாகியிருந்தன. வாடை எனக்கே அடித்தது.

துணி முடிப்பை அவிழ்த்துப் பார்த்து, அதைக் கீழே போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா?" என்றேன். கேட்காமல் இருந்தால் சந்தேகம் வருமே.

"அம்புட்டும் அழுகிப் போச்சு தங்கச்சி. மத்தது போனாப் போகுது. இது, அத்த குடுத்த ஆறுல ஒண்ணு செத்துப்போன வருசம், மடத்துல ஒரு சிஸ்டர் மாத்தலாகிப் போறப்பக் குடுத்துட்டுப் போனது. சுண்டுவெரல் மொத்தத்துல குட்டியாக் குடுத்தாக. மூணு வருசமா வளத்து இப்பத்தேன் பூக்குற பருவம். என்ன நெறம்னுகூடத் தெரியாது. இந்த வருசமோ அடுத்த வருசமோ பாத்துரலாம்னு இருந்தேன்." துணியை நாலாக மடித்தாள். "சரியாக் காயுறதுக்குள்ள எடுத்து வச்சுட்டேன் போல. எம்மேலதேன் தப்பு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஆறு கிழங்கும் பத்தடி தள்ளி என் தொட்டியில் உயிரோடு இருந்தன. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், இந்த வருடம் படியில் அவள் தொட்டி இருக்காது என்றுதான்.

என் தொட்டியும் இல்லை. ஜனவரியிலேயே அவசரப்பட்டு நட்டதால் ஐந்தும் தவக்காலத்தின் நட்டநடுவில் பூத்துத் தொலைத்தன. சிஸ்டர் கொடுத்த ஆறாவதில் இலை மட்டும் வந்தது. அக்கா சுவர் அருகே வந்து பார்த்து, "ஒனக்கு நல்லாப் பூத்துருக்கு தங்கச்சி" என்றாள். அதில் ஒரு துளிப் பொறாமை இருக்கிறதா என்று அவள் முகத்தைத் தேடிப்பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஈஸ்டருக்குப் படியில் வெறும் கடைப் பூ இருந்தது. தன் காலித் தொட்டிகளில் அவள் கற்பூரவல்லி நட்டாள்.

அந்த வருடம் நான் வளர்த்த மாதிரி யாரும் வளர்த்திருக்க மாட்டார்கள். பூ உதிர்ந்ததும் தண்டை மட்டும் அடியோடு வெட்டினேன், இலையைத் தொடவில்லை. அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குக் கிழங்கில் சோறு சேர்க்கிறது. நீண்டு சரிந்து அசிங்கமாகத் தொங்கினாலும் விட்டுவைத்தேன். வெயில் காலம் முழுக்க மக்கிய சாணமும் அளவாகத் தண்ணீரும். செப்டம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்தினேன். ஐப்பசி மழை படாமல் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளினேன். இலை மஞ்சளாகி, பழுத்து, தானாகச் சுருண்டு விழும்வரை பொறுமையாக இருந்தேன். பொறுமை என்பது எனக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போய்வந்து, மறுநாள் கிழங்குகளைத் தோண்டி மண் உதறி, சுளகில் பரப்பி நிழலில் பத்து நாள் வைத்தேன். தினமும் புரட்டிவிட்டேன். பிறகு மணல், சாம்பல், என் வீட்டுச் சிலாப்பு. வாரத்துக்கு ஒருமுறை ஏறிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். ஆறும் கல் மாதிரி இருந்தன. அமுக்கும்போதெல்லாம் அக்காவின் விரல் உள்ளே போனது ஞாபகம் வரும். அதற்காகத் திருப்பிக் கொடுக்கத் தோன்றியதா என்றால், இல்லை.

சாம்பல் புதன் அன்று, கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய நட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிற்றுக்குத் தண்டுகள் முழங்கால் உயரம். சிஸ்டர் கிழங்கும் இந்தமுறை தண்டு விட்டது. இதுவும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆறோடு ஒன்றாகக் கலந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் ஆட்டோ வைத்து ஆறு தொட்டியையும் கோயிலில் இறக்கினோம். ஐந்து விரிந்திருந்தன. ஆறாவது கூம்பிய மொட்டு. கோயில்பிள்ளை, "இந்த வருசம் ஒங்க வீடா, பேஷ்" என்றார். இரவுப் பூசைக்குப் போகாமல் காலைப் பூசைக்குப் போகிற வீடு எங்களுடையது. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

காலையில் கோயிலுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. ஐந்து சிவப்புக்கு நடுவில் ஒன்று வெள்ளை. அப்பழுக்கில்லாத வெள்ளை, தொண்டைக்குள் மட்டும் இளம்பச்சை. சன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. ஆட்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாமியாரின் பன்னிரண்டு தொட்டியிலும் வெள்ளை கிடையாது என்பது தெரிந்த ஒரே ஆள் எனக்கு அருகில் முழங்காலில் இருந்தாள்.

அவள் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஆறுமே அழுகலையா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபத்தில் மூடினாள் என்றுதான் முதலில் நினைத்தேன். உதட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவள் நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பில் என் வீட்டுப் பெயர் வந்தது. ஃபாதர் வெள்ளைப் பூவைத் தனியாகவே பாராட்டினார். எட்டு வருடம் நான் காத்திருந்த வரி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து ஆட்கள் கலையும் முன்பே அக்கா எழுந்து நேராகப் பீடத்துக்குப் போனாள். குனிந்து வெள்ளைத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோயில்பிள்ளை பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா, பீடத்துத் தொட்டியத் தூக்குறீங்க? சாயங்காலம்ல எடுக்கணும்."

"இது என்னுதுய்யா."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற நாலைந்து பெண்களும் பார்த்தார்கள். "அப்ப மிச்சம் அஞ்சும்?" என்று அவர் கேட்டார்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கோயில் வாசலை நான் அதற்குப் பிறகு மிதித்திருக்க முடியாது. அவளும் அது தெரிந்துதான், தொட்டியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது அவ வளத்ததுய்யா. அவளுதுதேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் தொட்டியோடு, பூ தோளில் உரச, நடுவழியாக நடந்து போனாள்.

அவள் பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அங்கேயே நின்றேன். பொய் சொல்லி என்னைக் காப்பாற்ற அவளுக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததே, எனக்கு அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல ஒரு வருடமாக முடியவில்லையே என்று, அந்த எட்டு வருடமும் பூவைப் பார்த்துப் படாத பொறாமையை அவள் முதுகைப் பார்த்துப் பட்டேன்.